வெயிலில் வராத கைகாட்டி

அலெக்சாண்டர் நன்றாக இருக்கட்டும் என்று நான் ஒரு நாளும் ஜெபித்ததில்லை. பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடமே அப்படித்தான் சொன்னேன். "மனசுல பகை வச்சிக்கிட்டுப் பூசையில நன்மை அப்பம் வாங்கக் கூடாது, ஆனந்தமேரி. மன்னிச்சிடு" என்றார். "மன்னிக்கிறேன் சாமி. அதுக்கு முன்னால அந்த ஆளுகிட்ட ஒரு வேலை பாக்கி இருக்குது" என்றேன். அவர் பெருமூச்சு விட்டு, ஒரு ஜெபமாலை சொல்லச் சொல்லி அனுப்பிவிட்டார். சொன்னேன். சொல்லி முடிக்கும்போது பகை இன்னும் கொஞ்சம் ஏறித்தான் இருந்தது.

அலெக்சாண்டர் யார் என்கிறீர்களா? கிராமங்களிலிருந்து மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மூட்டைகளைக் கப்பல் துறைக்கு ஏற்றி வரும் லாரிகளின் முதலாளி. புதுச்சேரியில் எல்லாரும் 'முசே அலெக்சாண்டர்' என்று, பிரெஞ்சில் ஐயா போட்டு, வாய் நிறையக் கூப்பிடுவார்கள். முகத்துக்கு நேரே நானும் அப்படித்தான் கூப்பிட்டாக வேண்டும். இந்தக் கதையில் என்ன, இங்கே அவன் எனக்கு அவன்தான்.

என் வீட்டுக்காரர் பிரகாசம் அவனிடம் பழைய பிரெஞ்சு லாரி ஒன்றை ஓட்டிக்கொண்டிருந்தார். மற்ற லாரிக்காரர்கள் திரும்பும்போது கையை வெளியே நீட்டிக் காட்டுவார்கள். அலெக்சாண்டருக்கு அது போதவில்லை. பாரீசிலிருந்து மின்சாரக் கைகாட்டி வரவழைத்து அந்தக் கிழட்டு லாரிக்கு இரண்டு பக்கமும் மாட்டினான். கதவை ஒட்டின தூணில் ஒரு தகரக் கூடு. அதற்குள் ஒரு முழ நீளத்துக்கு ஆரஞ்சு நிறச் செலுலாய்டுப் பட்டை மடங்கிக் கிடக்கும். ஸ்விச்சைத் திருப்பினால் உள்ளே இருக்கிற செம்புச் சுருள் ஒரு இரும்புக் கம்பியை இழுக்கும், பட்டை வெடுக்கென்று எழுந்து ஆள் கை நீட்டினாற்போல் நிற்கும். அதற்குள்ளே ஒரு குட்டி பல்பு வேறு எரியும். "ஊர்லயே என் வண்டிக்குத்தான் கரண்டுக் கை" என்று அவன் கோயில் வாசலில் நின்று பீற்றிக்கொண்டதை நானே கேட்டிருக்கிறேன்.

வலப்பக்கக் கைகாட்டி, அதாவது டிரைவர் பக்கம் இருந்தது, ஒரு நாள் கிடங்குச் சுவரில் உரசிக் கூடு நெளிந்துபோயிற்று. அன்றிலிருந்து அதற்கு ஒரு சீக்கு. காலையில் ஒழுங்காக வரும். உச்சி வெயிலில் வராது. என் வீட்டுக்காரர் போய்ச் சொன்னார். அலெக்சாண்டர் காலைப் பூசை முடிந்து வந்து, நிழலில் நிற்கும் வண்டியில் ஸ்விச்சைத் திருப்பிப் பார்ப்பான். வரும். "வருதே பிரகாசம்! உனக்குத்தான் கண்ணு சரியில்ல" என்பான். மறுபடி சொன்னார், மறுபடி இதே கூத்துதான். மத்தியானச் சோறு ஆனதும் சன்னலைச் சாத்திக்கொண்டு தூங்குகிற மனுஷன் உச்சி வெயிலை எங்கே கண்டான்?

ஒரு மத்தியானம், கிடங்குத் தெருவுக்குள் வலப்பக்கம் திரும்ப வேண்டும். ஸ்விச்சைப் போட்டார், கைகாட்டி வரவில்லை. என்ன செய்வார்? கையை நீட்டினார். பின்னால் வந்த பஸ் ஒட்டி முந்திக்கொண்டு போயிற்று. முழங்கைக்குக் கீழே ஒன்றும் மிச்சமில்லை.

கை போனதற்காக நான் அலெக்சாண்டரைப் பகைக்கவில்லை. அதற்குப் பிறகு அவன் செய்ததற்காகப் பகைத்தேன். விசாரிக்க வந்த இன்ஸ்பெக்தேரை மறுநாள் காலையிலேயே கூட்டிவந்து, கைகாட்டியைப் போட்டுக் காட்டினான். வந்தது. "பாத்தீங்களா? நல்லா இருக்குது. அவன் குடிச்சிட்டு, இத போட மறந்துட்டான்" என்றான். எழுதிக்கொண்டார்கள். பெர்மி, அதுதான் வண்டி ஓட்டும் லைசென்சு, பறிபோயிற்று.

என் வீட்டுக்காரருக்குச் சாராய வாடை பட்டாலே குமட்டும். ஆனால் எங்கள் ஊரில் ஒருவன் குடித்தான் என்று சொன்னால் யாராவது நம்பாமல் இருப்பார்களா? மாதா திருநாளில் சப்பரத்துக்குத் தோள் கொடுக்கிறவர்களில் அவர் முதல் ஆள். அந்த வருஷம் கோயில் சங்கத்தார் வந்து, "குடிச்சிட்டு அடிபட்ட ஆளு மாதாவத் தூக்கினா நல்லா இருக்காது" என்றார்கள். தோள் இரண்டும் அப்படியேதான் இருந்தன. அவர் உள்ளே போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். அன்றைக்குத்தான் நான் முடிவு செய்தேன்: அலெக்சாண்டர் வாயாலேயே அவன் சொன்னது பொய் என்று நாலு பேர் எதிரில் வர வேண்டும். வராமல் நான் கண் மூட மாட்டேன்.

அதற்குள் வயிறு ஒன்று இருக்கிறதே. நான் வெள்ளைக்காரத் துரைசானிகளின் உடுப்புகளைத் துவைத்து இஸ்திரி போட்டேன். அவர் நெல்லித்தோப்பில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துக் காலி மனையில் சின்னதாகப் பட்டறை போட்டார். லாரி, பஸ்களின் பாட்டரி, டைனமோ, விளக்கு ஒயர் எல்லாம் அவருக்கு அத்துப்படி. கைக்கு நான். "இடப்பக்கம் திருப்புடி" என்பார். "யாருக்கு இடப்பக்கம்? எனக்கா, வண்டிக்கா?" என்பேன். இப்படிச் சண்டை போட்டே ஊர் பஸ்களில் பாதியை ஓட வைத்தோம்.

கத்திரி வெயில் தொடங்கியிருந்தது. ஒரு காலையில் அந்தக் கிழட்டு லாரியே எங்கள் மனைக்குள் வந்து நின்றது. ஓட்டி வந்தவன் பாவாடை, அலெக்சாண்டரின் புது டிரைவர். வாயில்லாப் பூச்சி. கையில் ஒரு அட்டைப்பெட்டி வைத்திருந்தான்.

"முசே புதுசா வலப்பக்கக் கைகாட்டி வரவழைச்சிருக்காரு, அண்ணே. பழச கழட்டிட்டு இத மாட்டிடணுமாம். மத்தியானம் வண்டிச் சோதனை இருக்குது. கரண்டு வேலைக்கு உங்கள விட்டா ஊர்ல வேற ஆளு இல்லியே, அதான் வேற வழியில்லாம இங்க அனுப்பிச்சாரு."

"பழசுக்கு இன்னா கேடு?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர்.

"பாக்க அழகா இல்லியாம். ஆனா பழச மறக்காம அவர் கையிலயே குடுத்துடணுமாம்."

"மல்லாட்டை லாரிக்கு அழகு பாக்குறாராக்கும்!" என்றேன் நான். "சோதனை எப்பவும் காலையிலதான நடக்கும்?"

"இந்த வருஷம் கூட்டம் தாங்கல அக்கா. சரக்கு வண்டிங்கள எல்லாம் மத்தியானத்துக்குத் தள்ளிட்டாங்க."

எனக்குப் பொறி தட்டிற்று. அவருக்கும்தான். லாரியை ஒரு தரம் சுற்றி வந்தார். பிறகு, "கழட்டறதுக்கு முன்னால பாத்துடலாம் மேரி" என்றார்.

ஸ்விச்சைத் திருப்பினேன். கைகாட்டி அழகாக எழுந்து நின்றது, பல்பும் எரிந்தது. இதே கோலத்தைக் காட்டித்தானே அவரைக் குடிகாரன் ஆக்கினார்கள்! பிடுங்கி எறியலாம் போல எனக்கு ஆத்திரம் வந்தது.

அவர் ஆத்திரப்படவில்லை. ஒவ்வொன்றாகச் சொன்னார், நான் செய்தேன். முதலில் பாட்டரியில் சோதனை பல்பை வைத்துப் பார்த்தேன், பளிச்சென்று எரிந்தது. ஒயரைக் கூடு வரைக்கும் இழுத்து இழுத்துப் பார்த்தேன், எங்கும் அறுபடவில்லை. கைகாட்டியை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு ஸ்விச்சைப் போட்டபோது, உள்ளே செம்புச் சுருள் 'டிக்' என்று இழுத்துப் பார்த்தது. "கரண்டுல குறை இல்ல. ஒடம்புலதான் எங்கியோ இருக்குது. கூட்டத் தெற" என்றார்.

திறந்தேன். கூட்டின் அடியில் ஆரஞ்சுப் பொடி, மஞ்சள் தூள் கொட்டினாற்போல் கிடந்தது. நெளிந்த இடத்துக்கு நேரே செலுலாய்டுப் பட்டையில் ஆழமாகக் கீறல்கள். அவர் இடக்கை நகத்தால் அந்தக் கீறல்களைத் தடவிப் பார்த்தார். "இது நேத்து விழுந்த கோடு இல்ல. ரொம்ப நாளா ஒரசிக்கிட்டு இருக்குது. மேரி, மூடிட்டு ஒன் இஸ்திரிப் பெட்டிய எடுத்தா."

துரைசானி கவுனுக்காகக் கரி போட்டு வைத்திருந்தேன். தூக்கி வந்தேன். "கிட்ட வச்சிடாத, செலுலாய்டு பொசுக்குன்னு பத்திக்கும். வெயில் அடிக்கிற மாதிரி தள்ளிப் புடி" என்றார். பிடித்தேன். தகரம் தொட முடியாத அளவுக்குச் சுட்டதும், "இப்ப போடு" என்றார்.

டிக். கைகாட்டி வரவில்லை. மறுபடி போட்டேன். டிக். அசையவே இல்லை. ஈரத்துணியைக் கூட்டின்மேல் போட்டு ஆறவிட்டேன், வெடுக்கென்று வந்தது. மறுபடி சூடு காட்டினேன், மாட்டிக்கொண்டது. சூட்டில் பட்டை உப்புகிறது, நெளிந்த கூடு அதைக் கவ்விப் பிடிக்கிறது. இவ்வளவுதான் விஷயம். இதற்கு ஒரு மனுஷனின் கையும் பேரும் போயின.

"தெனம் மத்தியானம் இப்டித்தான் பண்ணுது அக்கா" என்றான் பாவாடை. "முசேகிட்ட சொன்னா, காலையில வந்து போட்டுப் பாத்துட்டு, ஒனக்குக் கண்ணு சரியில்லேங்கறாரு. நானும் கையத்தான் நீட்டிக்கிட்டு இருக்கேன்."

என் வீட்டுக்காரர் டயர்மேல் உட்கார்ந்துவிட்டார். பாவாடையின் வலக்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "புதுச மாட்டிடு மேரி. இவன் கையாச்சும் இருக்கட்டும்."

"மாட்டறேன். இன்னைக்குப் பொழுது சாயறதுக்குள்ள மாட்டறேன், என் தாலி மேல சத்தியம்" என்றேன். "ஆனா சோதனைக்கு முன்னால மாட்ட மாட்டேன். மாட்டிட்டா இன்னா ஆவும்? பழச வாங்கிக் கடல்ல எறிஞ்சிட்டுப் போவான் அவன். அதோட ஒங்க பேரும் போச்சு. சாவற வரைக்கும் குடிகாரன், நான் குடிகாரன் பொண்டாட்டி. சரியா அது?"

"வேலைக்கு வந்த வண்டிடீ..."

"நீங்களும் வேலைக்குத்தான் போனீங்க அவன்கிட்ட!"

நான் பாவாடையைப் பார்த்தேன். அவன் தன் கையை ஒரு தரம் பார்த்துக்கொண்டு, "நான் ஒண்ணும் பாக்கல அக்கா" என்றான். கடைசியில் என் வீட்டுக்காரர் எழுந்தார். "கூட்ட நல்லாத் தேச்சிப் பளபளன்னு பண்ணு. புதுசு மாதிரி தெரியணும்" என்றார். அந்த நிமிஷம் அவரைக் கல்யாணம் கட்டிக்கொண்டதற்காக மாதாவுக்கு நன்றி சொன்னேன்.

புதுக் கைகாட்டியை என் டிரங்குப் பெட்டியில் புடவைகளுக்கு அடியில் வைத்துப் பூட்டினேன். லாரியை நல்ல வெயிலில் நிறுத்திக் காயவிட்டோம். பிறகு மூன்று பேருமாகச் சோதனை நடக்கும் திடலுக்குப் போனோம். பாவாடையைக் கை நீட்ட விடவில்லை. ஒவ்வொரு திருப்பத்திலும் வண்டியை நிறுத்தச் சொல்லி, நானே இறங்கி வழி பார்த்துச் சொன்னேன்.

அலெக்சாண்டர் வெள்ளைக் கோட்டும் தொப்பியுமாக முன்னமே வந்து நின்றான். தூக்கம் கெட்ட கடுப்பு முகத்தில் தெரிந்தது. கூட்டைப் பார்த்தான், பளபளத்தது. திருப்தியாகத் தலையாட்டினான்.

"பழசு எங்கம்மா?"

"பத்திரமா இருக்குது முசே" என்றேன். அதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை.

இன்ஸ்பெக்தேர் வந்தார். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த வெள்ளைக்காரர்; தமிழ் நம்மைப் போலவே பேசுவார். அன்றைக்கு எழுதிக்கொண்டு போனவரும் அவர்தான். கூட்டிலிருந்த நெளிசலை விரலால் தடவி, "இது அந்த வண்டிதான? இந்த நெளிசல எனக்கு ஞாபகம் இருக்குது" என்றார்.

"அதேதான். அந்தக் குடிகாரன் ஓட்டின வண்டி" என்றான் அலெக்சாண்டர், என் வீட்டுக்காரர் அங்கேயே நிற்கிறார் என்று தெரிந்தும், சத்தமாக. "கைகாட்டி அன்னைக்கும் நல்லாத்தான் இருந்தது, இன்னைக்கும் நல்லாத்தான் இருக்குது. பாருங்க!" என்று அவனே ஏறி உட்கார்ந்து ஸ்விச்சைத் திருப்பினான்.

டிக்.

மறுபடி திருப்பினான். டிக். சுற்றியிருந்த லாரிக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். கையால் கூட்டை ஓங்கி அடித்தான். தகரம் சுட்டுவிட்டது, கையை உதறிக்கொண்டான். ஒருவன் சிரித்துவிட்டான். அவ்வளவுதான், அலெக்சாண்டருக்குத் தலைக்கு ஏறிற்று. கீழே குதித்து என்னைப் பார்த்துக் கத்தினான்.

"ஏ பொம்பள! புதுச மாட்டலியா நீ? இது அந்தப் பழசுடீ! மத்தியான வெயில்ல இது வராதுன்னுதான பாரீஸ்லேர்ந்து புதுசு வரவழைச்சேன்!"

தான் என்ன சொன்னோம் என்று அவனுக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. அந்தக் கொஞ்ச நேரத்தை நான் பாயசம் போல் குடித்தேன்.

"மத்தியான வெயில்ல வராதா?" என்றார் இன்ஸ்பெக்தேர் மெதுவாக. "எப்பலேர்ந்து?"

"இப்பத்தான்... இந்த வெயில்லதான்..."

"நான் வேலைக்கு வந்த நாள்லேர்ந்து வரலீங்க" என்றான் பாவாடை. வாயில்லாப் பூச்சிக்கு அன்றைக்கு வாய் வந்தது.

"கூடு நெளிஞ்ச நாள்லேர்ந்து வரலீங்க" என்றார் என் வீட்டுக்காரர். "வெயில்ல பட்டை உப்பி, நெளிசல்ல மாட்டிக்குது. நான் கை நீட்டுன அன்னைக்கும் மாட்டிக்கிச்சு."

இன்ஸ்பெக்தேர் அவரைப் பார்த்தார். "அன்னைக்கு நீ குடிச்சிருந்தியா?"

"இல்லீங்க."

"அன்னைக்கும் இதத்தான சொன்ன?"

"அன்னைக்கும் இதத்தாங்க சொன்னேன்."

இன்ஸ்பெக்தேரின் முகம் சிவந்தது. அவரையும்தானே ஏமாற்றியிருக்கிறான்! "முசே அலெக்சாண்டர், நாளைக்கு என்கிட்ட வந்து, அன்னைக்குச் சொன்னது பொய்னு எழுதிக் கையெழுத்துப் போடணும். இந்த வண்டி சோதனையில தேறல. புதுசு எங்க?"

"பட்டறையில இருக்குதுங்க" என்றேன்.

"உடனே போயி மாட்டிட்டு வாங்க."

பாவாடை நகரவில்லை. "கைகாட்டி வராத வண்டிய நான் ஓட்ட மாட்டேங்க. ஐயா எதிரிலயே சொல்றேன்."

"நியாயம்தான்" என்றார் இன்ஸ்பெக்தேர். "முசே, ஒங்களுக்குத்தான் பெர்மி இருக்குதே. நீங்களே ஓட்டுங்க."

அலெக்சாண்டர் ஓட்டினான். நான் அவன் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தேன். என் வீட்டுக்காரரும் பாவாடையும் பின்னால் ஏறிக்கொண்டார்கள். உச்சி வெயில், தெருவில் புழுதி. "கிடங்குத் தெரு வழியாப் போங்க முசே, அதான் கிட்ட" என்றேன். அவன் அந்த வழியே விட்டான். அந்த முனை வந்தது. வலப்பக்கம் திரும்ப வேண்டும். பழக்கத்தில் ஸ்விச்சைத் திருப்பினான். டிக். பின்னால் ஒரு பஸ் ஹாரன் அடித்தது.

"கைய நீட்டுங்க முசே" என்றேன்.

நீட்டினான். விரல் நுனி வெளியே போனதும் வெடுக்கென்று இழுத்துக்கொண்டான். பஸ் இன்னும் கிட்டத்தில் ஹாரன் அடித்தது. மறுபடி நீட்டப் பார்த்தான், முடியவில்லை. நடுத்தெருவில் வண்டியை நிறுத்திவிட்டான். மூக்கு நுனியிலிருந்து வேர்வை சொட்டிற்று. பின்னால் மாட்டுவண்டிக்காரன் கெட்ட வார்த்தையில் திட்டினான்.

"நீட்டுங்க."

"முடியலம்மா."

"என் புருஷன் நீட்டினாரு."

"நீ எறங்கி வழி பாத்துச் சொல்லேன்..."

"மாட்டேன்" என்றேன். பாவாடைக்கு இறங்கினேன், இவனுக்கு இறங்க மாட்டேன். அங்கேயே சாயங்காலம் வரை உட்கார்ந்திருக்க நான் தயார்.

இறங்கினது என் வீட்டுக்காரர். பின்னாலிருந்து குதித்து, நடந்து வந்து தெரு நடுவில் நின்றார். சட்டைக் கையை மேலே தள்ளிவிட்டுக்கொண்டு, பாதியில் நின்றுபோன அந்த வலக்கையைப் பஸ்ஸை நோக்கி நீட்டினார். பஸ் நின்றது. மாட்டுவண்டி நின்றது. திட்டிக்கொண்டிருந்தவன் வாயை மூடினான். பிறகு அதே கையை அசைத்து, 'திருப்பு' என்று அலெக்சாண்டருக்குக் காட்டினார்.

எனக்கு முதலில் அவர்மேல்தான் கோபம் வந்தது. இவனுக்குப் போய் உதவுகிறாரே, இந்த மனுஷனுக்குச் சூடு சொரணையே இல்லையா என்று. அப்புறம்தான் அலெக்சாண்டரின் முகத்தைப் பார்த்தேன். அவன் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டேதான் திருப்ப வேண்டியிருந்தது; பார்க்காமல் திருப்ப முடியாது, வழி காட்டுவது அதுதானே. நான் இத்தனை நாள் சேர்த்து வைத்திருந்த வசவெல்லாம் அதற்கு ஈடாகாது.

பட்டறையில் புதுசை மாட்டினேன். வெயில் இன்னும் இறங்கவில்லை. ஸ்விச்சைப் போட்டதும் வெடுக்கென்று எழுந்து நின்றது. "பழசு..." என்று அலெக்சாண்டர் இழுத்தான். "நாளைக்குக் கையெழுத்துப் போட்டுட்டு வாங்க முசே, பாக்கலாம்" என்றேன். போட்டான். பாவாடை சொன்னதால் ஊர் முழுக்கத் தெரிந்தது. பழசைக் கொடுத்தேனா என்கிறீர்களா? அது பட்டறைக் கதவில் தொங்குகிறது. யார் கேட்டாலும் கதை சொல்கிறேன்.

மாதா திருநாளுக்குக் கோயில் சங்கத்தார் தாங்களாகவே வந்து கூப்பிட்டார்கள். என் வீட்டுக்காரர் சப்பரத்துக்கு முன்பக்கம் தோள் கொடுத்தார். நான் மெழுகுவத்தியோடு பின்னால் நடந்தேன். இனி சாமியார் கேட்டால் மன்னித்தாயிற்று என்று சொல்லிவிடலாம் என்றுகூட நினைத்தேன். அப்போது சப்பரம் அலெக்சாண்டர் வீட்டைத் தாண்டிற்று. வாசலில் நின்றவன் எங்களைப் பார்த்ததும் வலக்கையை மெல்ல எடுத்துக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டான். அதைப் பார்க்க எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. மன்னிப்பதை அடுத்த திருநாளுக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.